தெளிப்பான் பேட்டரிக்கு நாமே செய்யும் சார்ஜர்

இயற்கை விவசாயத்தில் தெளிப்பு வேலை குறைவு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நேர்மாறு. ரசாயனக்காரர் ஒரு மருந்தை அடித்துவிட்டுப் பல நாள் சும்மா இருப்பார். நமக்கு ஒரு வாரம் பஞ்சகவ்யா, மறுவாரம் மீன் அமிலம், இடையில் பூச்சி தலைகாட்டினால் வேப்பங்கொட்டைக் கரைசல், இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல் என்று முதுகிலிருந்து தெளிப்பான் இறங்குவதே இல்லை. எங்கள் வேலூர்ப் பக்கத்து முள்ளுக்கத்தரி வைத்தவர்களைக் கேளுங்கள். புவிசார் குறியீடு எல்லாம் கிடைத்துவிட்டது, ஆனால் குருத்துப் புழுவுக்கு அது தெரியவில்லை. காய் முடியும் வரை வாரம் ஒரு தெளிப்பு நிச்சயம்.

அதனால்தான் கைத்தெளிப்பான் போய் பேட்டரித் தெளிப்பான் வந்தது. அறுபதைத் தாண்டிய என் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. 16 லிட்டர் டப்பா, அடியில் ஒரு சின்ன பம்பு, 12 வோல்ட் 8 ஆம்பியர் மணி பேட்டரி. பட்டனைத் தட்டினால் புகைபோலத் தெளிக்கிறது. பிரச்சினை பேட்டரியில்தான். பக்கத்துக் கொல்லைத் தம்பி ஒரு நாள் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னா சார் இது, வாங்கி ஆறு மாசம் ஆவல. நாலு டேங்க் அடிக்கிறதுக்குள்ள படுத்துக்குது. பேட்டரி டூப்ளிகேட்டா?" என்றார். அவருக்கு மட்டும் இல்லை, எங்கள் ஊரில் பேட்டரித் தெளிப்பான் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதே புலம்பல்தான். வருடத்துக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு பேட்டரி போகிறது. வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். மருந்துச் செலவை மிச்சம் பிடிக்க இயற்கைக்கு வந்துவிட்டு, மிச்சம் பிடித்ததைப் பேட்டரிக் கடையில் கொண்டுபோய்க் கொட்டுவது எந்தப் பேரேட்டிலும் லாபமாக வராது.

ஆம்பூர் பஜாரில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேட்டரியைக் காட்டினேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. "சார்ஜரைக் குடுங்க சார்" என்றார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேட்டரிய நீங்க கெடுக்கல சார், இதுதான் கெடுக்குது."

தெளிப்பானோடு இலவசமாக வருகிற அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியைத்தான் சொன்னார். எல்லா நிறுவனமும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று அவர் மேசையில் மூன்று வேறு வேறு சார்ஜர்களை மல்டிமீட்டர் வைத்து அளந்தோம். ஒன்று பேட்டரி நிறைந்த பிறகும் 15 வோல்ட்டுக்கு இறங்காமல் தள்ளிக்கொண்டே இருந்தது. இன்னொன்று 13ஐத் தொடவே இல்லை. ஒன்று மட்டும் ஒழுங்கு. மூன்றிலும் பச்சை விளக்கு ஒரே மாதிரி அழகாக எரிந்தது.

இதில் ஒன்று பேட்டரியை வேக வைக்கிறது, மற்றொன்று பட்டினி போடுகிறது. இரண்டாலும் பேட்டரி சாகும். எப்படி என்று கொஞ்சம் விளக்கினால்தான் சார்ஜர் செய்கிற வேலை புரியும்.

பிரான்சு நாட்டு காஸ்டோன் பிளான்டே 1859ல் கண்டுபிடித்த காரீய அமில பேட்டரிதான் இன்றும் நம் தெளிப்பானில், டிராக்டரில், வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது. காரீயத் தகடுகள், நடுவே கந்தக அமிலம். நம் நாட்டில் இந்த மின்வேதியியலுக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது. 1948ல் அடிக்கல் நாட்டி 1953ல் திறந்தார்கள். பேட்டரி ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று ஒதுங்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். மின்சாரத்தை எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் காரீய சல்பேட் என்ற வெண்மையான படிவு உண்டாகிறது. திரும்பச் சார்ஜ் செய்யும்போது அது கரைந்து பழைய நிலைக்குப் போகிறது. தெளித்து முடித்துவிட்டு நாலு நாள் கழித்துச் சார்ஜ் போடலாம் என்று விட்டால், அல்லது சார்ஜர் அரைகுறையாக நிரப்பினால், அந்தப் படிவு கெட்டிப்பட்டுவிடும். பாலாற்றங்கரைக் கிணற்று நீரைக் காய்ச்சிய பாத்திரத்தில் உப்புப் படிகிற மாதிரிதான். பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் கரையாது. 8 ஆம்பியர் மணி பேட்டரி 3 ஆகிவிடும்.

மறுபக்கம், நிறைந்த பிறகும் அதிக வோல்ட்டில் தள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போகும். டிராக்டர் பேட்டரி என்றால் மூடியைத் திறந்து காய்ச்சி வடித்த நீர் ஊற்றலாம். தெளிப்பான் பேட்டரி மூடி வைத்தது, ஊற்ற வழியில்லை. வயிறு வீங்கிய பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள், அது இப்படிச் செத்ததுதான்.

எத்தனை வோல்ட் கொடுக்கலாம் என்பது பேட்டரியின் மேலேயே அச்சடித்திருக்கும், நாம் படிப்பதில்லை. இரண்டு கணக்கு இருக்கும். அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்தி உடனே சார்ஜ் செய்து நிறைந்ததும் கழற்றுவதற்கு 14.4 முதல் 15 வரை. எப்போதும் இணைப்பிலேயே விட்டு வைப்பதற்கு 13.5 முதல் 13.8 வரை. நான் தேர்ந்தெடுத்தது 13.8. காரணம் எளிது. உழவன் ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில் கறவை, பால் சொசைட்டி, தண்ணி பாய்ச்சல் என்று போய்விடுவான். மத்தியானம்தான் ஞாபகம் வரும். 13.8ல் மறந்தாலும் பேட்டரி கெடாது. நிறைவதற்கு நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க நமக்கு நேரம் இருக்கிறது.

இந்த ஒரு எண்ணைப் பிடித்து வைக்கிற கருவிதான் நாம் செய்யப் போவது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர் செய்யலாமா என்றால், நான் படித்தது பி.காம். சால்டரிங் அயர்னை முதன்முதலில் கையில் எடுத்தது ஓய்வு பெற்ற பிறகு. பாய் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார், இரண்டு மாலை நேரத்தில் முடிந்தது.

என்னென்ன வேண்டும்

முதலில் டிரான்ஸ்பார்மர். கடையில் 9-0-9, 2 ஆம்பியர் என்று கேளுங்கள். இதில் வெளிவரும் மூன்று ஒயரில் நடு ஒயரை விட்டுவிட்டு ஓரத்து இரண்டையும் எடுத்தால் 18 வோல்ட். நடு ஒயரை வெட்டி, முனையை டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். "12 வோல்ட் பேட்டரிக்கு எதுக்கு 18? 15 போதுமே" என்று கடைக்காரர் சொல்வார். நகரத்துக்குப் போதும். நம் ஊரில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் ஃபேனும் டி.வி.யும் ஓடும்போது 230க்குப் பதில் 180 வோல்ட்தான் வருகிறது. அப்போது 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் 12க்குக் கீழே போய்விடும், பேட்டரி நிறையவே நிறையாது. 18 என்றால் 14 சொச்சம் நிற்கும், டையோடும் கெபாசிட்டரும் சேர்ந்து அதை 18 அளவுக்கு நேர் மின்சாரமாக ஆக்கிக் கொடுக்கும், வேலை நடக்கும். காயலான் கடையில் பழைய டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்பார்மர்களும் கிடைக்கும். வாங்கினால் பாய் போல யாரிடமாவது அளந்து பார்த்து வாங்குங்கள்.

அடுத்து 1என்5408 என்ற டையோடு ஐந்து. நாலு டையோடு பாலம் போட, அதாவது மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்க. ஐந்தாவது வெளியே போகிற வழியில், காவலுக்கு. எல்லோரும் 1என்4007 கொடுப்பார்கள். அது 1 ஆம்பியர்தான் தாங்கும், சூடாகும். 5408 மூன்று ஆம்பியர் தாங்கும். விலை வித்தியாசம் ஒரு டீக்கு வராது.

2200 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று. 25 வோல்ட் வாங்காதீர்கள். 18 வோல்ட் மாறு மின்சாரத்தின் உச்சம் 25ஐத் தாண்டும். கரண்ட் கூடுதலாக வருகிற நடுராத்திரியில் இன்னும் மேலே போகும்.

இதயம் என்று சொல்ல வேண்டியது எல்.எம்.317. மூன்று கால் உள்ள சின்ன ஐ.சி. 1970களில் அமெரிக்காவில் உருவாக்கியது, இன்றும் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கடையில்கூடக் கிடைக்கிறது. உள்ளே எத்தனை வோல்ட் ஏறி இறங்கினாலும் வெளியே நாம் சொன்ன வோல்ட்டைப் பிடித்து வைக்கும். அதிகச் சூடானால் தானே நின்றுகொள்ளும். எத்தனை வோல்ட் என்று அதற்குச் சொல்வது இரண்டு ரெசிஸ்டர். கணக்கு இதுதான்: இரண்டாவது ரெசிஸ்டரை முதலாவதால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 1.25ஆல் பெருக்கினால் வெளிவரும் வோல்ட். முதலாவது 220 ஓம். இரண்டாவதாக 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 1 கிலோ ஓம் பிரிசெட் ஒன்றைத் தொடராகச் சேர்க்கிறோம். பிரிசெட் என்பது சின்ன ஸ்குரூடிரைவரால் திருகுகிற ரெசிஸ்டர். திருகினால் சுமார் 11.5 முதல் 17 வோல்ட் வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கூடவே ஒரு நல்ல அலுமினிய ஹீட் சிங்க், மைக்கா தாள், 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், ஃபியூஸ் இரண்டு (உள்ளே வரும் பக்கம் அரை ஆம்பியர், வெளியே 2 ஆம்பியர்), டாட் போர்டு, சிவப்பும் கறுப்பும் ஒயர், இரண்டு முதலைக் கிளிப். கடைசியாக, மெக்கானிக் கடையில் கேட்டால் கிடைக்கும் கார் பிரேக் விளக்கு பல்பு: 12 வோல்ட், 21 வாட்.

பல்பு எதற்கு என்று நானும் கேட்டேன். பாய் சொன்ன பதில் எனக்குப் பிடித்துப் போனது. "அதுதான் சார் காவல்காரன், அதுதான் மீட்டரும்." பேட்டரிக்குப் போகும் வழியில் இதைத் தொடராக வைக்கிறோம். பேட்டரி காலியாக இருந்தால் மின்சாரம் வேகமாக ஓடப் பார்க்கும். பல்பின் இழை சூடாகி, எதிர்ப்பு கூடி, அதை முக்கால் ஆம்பியர் அளவில் அடக்கும். 8 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது இதமான அளவு, பத்தில் ஒரு பங்கு என்று பழைய மெக்கானிக்குகள் சொல்கிற கணக்கு. பேட்டரி நிறைய நிறைய ஓட்டம் குறைந்து பல்பு ஒதுங்கிக்கொள்ளும், முழு 13.8ம் பேட்டரிக்குப் போய்ச் சேரும். இருட்டில் பார்த்தால் ஆரம்பத்தில் இழை செம்மண் நிறத்தில் மங்கலாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் மறையும். எப்போதாவது இரண்டு கிளிப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக் கொடுக்கும், கருவிக்கு ஒன்றும் ஆகாது. பத்து ஐ.சி. போட்டுச் செய்கிற காரியத்தை ஒரு பல்பு செய்கிறது. எல்.ஈ.டி. பல்பு போட்டால் இது நடக்காது, இழை பல்புதான் வேண்டும்.

பட்டியலில் உள்ள எல்லாம் சேர்த்து எனக்கு 600 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதி டிரான்ஸ்பார்மருக்கு. மல்டிமீட்டர் தனி. ஊருக்கு ஒன்று இருந்தால் போதும்.

சேர்க்கும் முறை

டிரான்ஸ்பார்மரின் 18 வோல்ட் ஒயர் இரண்டும் டையோடு பாலத்துக்கு. டையோடின் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். கோடு உள்ள முனைகள் இரண்டு சேரும் இடம் பிளஸ். கோடு இல்லாத முனைகள் இரண்டு சேரும் இடம் மைனஸ். மற்ற இரண்டு சந்திப்பிலும் டிரான்ஸ்பார்மர் ஒயர்கள். பிளஸ், மைனஸ் நடுவே பெரிய கெபாசிட்டர். அதன் உடம்பில் மைனஸ் பக்கம் பட்டை போட்டிருக்கும். இதை மட்டும் மாற்றி வைத்தால் பட்டாசு மாதிரி வெடிக்கும், இரண்டு தடவை பாருங்கள்.

எல்.எம்.317ஐ எழுத்து உள்ள முகம் நம்மைப் பார்க்கும்படி, கால்கள் கீழே வரும்படி பிடியுங்கள். இடது கால் வோல்ட்டைச் சரிசெய்வது, நடுக் கால் வெளியே போவது, வலது கால் உள்ளே வருவது. கெபாசிட்டரின் பிளஸ் வலது காலுக்கு. அதற்குப் பக்கத்திலேயே 0.1 கெபாசிட்டரை வலது காலுக்கும் மைனசுக்கும் நடுவே வையுங்கள். நடுக் காலுக்கும் இடது காலுக்கும் இடையே 220 ஓம். இடது காலிலிருந்து 1.8 கிலோ ஓம், பிறகு பிரிசெட், பிறகு மைனஸ். நடுக் காலிலிருந்து ஐந்தாவது டையோடு, கோடு உள்ள முனை வெளியே பார்க்கும்படி. அதன்பின் பல்பு, 2 ஆம்பியர் ஃபியூஸ், சிவப்புக் கிளிப். மைனசிலிருந்து நேராகக் கறுப்புக் கிளிப். அவ்வளவுதான் சுற்று.

அந்த ஐந்தாவது டையோடு ஏன் என்றால், கரண்ட் போய்விட்டால் பேட்டரியிலிருந்து மின்சாரம் சார்ஜருக்குள் திரும்பி ஓடக்கூடாது. வாய்க்காலில் தண்ணீர் திரும்பாமல் வைக்கிற வால்வு மாதிரி. எங்கள் ஊரில் ராத்திரி இரண்டு தடவையாவது கரண்ட் போகிறது, இது இல்லாமல் முடியாது.

ஐ.சி.யின் முதுகில் உள்ள உலோகத் தகடு நடுக் காலோடு சேர்ந்தது. அதனால் ஹீட் சிங்கில் திருகும்போது நடுவில் மைக்கா தாளும், திருகுக்குப் பிளாஸ்டிக் வளையமும் வையுங்கள். ஹீட் சிங்க் உள்ளங்கை அகலமாவது இருக்கட்டும். ஐந்தாறு வாட் சூடு வெளியேற வேண்டும், சின்னதாக வைத்தால் ஐ.சி. அடிக்கடி நின்றுகொள்ளும். பெட்டியில் மேலும் கீழும் துளை போடுங்கள். எலி, பல்லி நுழையாத அளவுத் துளை.

ஈயம் வைக்கும்போது ஒன்று கவனியுங்கள். அயர்னால் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் ஒட்ட வைப்பது தவறு. இணைப்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே ஓட வேண்டும். பளபளப்பாகப் படிந்தால் சரி. சாம்பல் நிறத்தில் உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி சூடாக்குங்கள். அதன் புகையை முகர வேண்டாம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் என்று நாம் சொல்கிற அந்தக் கம்பியில் காரீயமும் கலந்திருக்கும்.

230 வோல்ட் பக்கம் விளையாட்டு இல்லை. டிரான்ஸ்பார்மரின் இரும்புச் சட்டத்தை மூன்றாவது முனையான எர்த்தோடு சேருங்கள். அரை ஆம்பியர் ஃபியூஸ் ஃபேஸ் ஒயரில் வரட்டும். இணைப்பு எதுவும் வெளியே தெரியாமல் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். இந்தப் பக்கத்தை மட்டும் ஊர் எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யச் சொல்வேன். அவரிடம் சீரிஸ் பல்பு போர்டு இருக்கும். முதல் தடவை சுவிட்ச் போடும்போது அதன் வழியாகப் போடச் சொல்லுங்கள். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கிவிட்டால் எல்லாம் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ முட்டிக்கொண்டிருக்கிறது, உடனே அணைத்துவிட்டுத் தேடலாம்.

வோல்ட்டைச் சரிசெய்வது கடைசி வேலை. பேட்டரியைச் சேர்க்காமல், இரண்டு கிளிப்புக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கடிக்க வையுங்கள். சுமை எதுவும் இல்லாமல் அளந்தால் அந்த ஐந்தாவது டையோடு சரியான அளவு காட்டாது. மல்டிமீட்டரை அங்கேயே வைத்து, பிரிசெட்டை மெதுவாகத் திருகி 13.8ல் நிறுத்துங்கள். அதன்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் பிறகு அசையாது. (வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.)

இதற்கு மேல் ஒரு நுணுக்கம், எங்கள் ஊருக்கே உரியது. வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். 13.8 என்ற கணக்கு 25 டிகிரி வெப்பத்துக்கு உரியது. சூடு ஏற ஏற பேட்டரிக்குக் குறைந்த வோல்ட் போதும். ஒரு டிகிரிக்கு ஒரு அறைக்கு ஆயிரத்தில் மூன்று வோல்ட் அளவு குறைக்க வேண்டும். கத்தரி வெயிலில் பம்பு செட் கொட்டகை 40 டிகிரியைத் தாண்டுகிறது. 15 டிகிரி, ஆறு அறை, கணக்குப் போட்டால் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆகையால் பங்குனி பிறந்ததும் 13.5க்கு இறக்கி, ஆடி மழைக்குப் பிறகு 13.8க்கு ஏற்றுகிறேன். அப்படிச் செய்ய நினைப்பவர்கள் நகப்பூச்சைத் தவிர்த்துவிடலாம். சார்ஜ் செய்யும் இடம் கொட்டகையை விட வீட்டுத் திண்ணை மேல். காற்றோட்டமும் வேண்டும், பேட்டரி சார்ஜ் ஆகும்போது கொஞ்சமாவது ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

தெளித்து முடித்த அன்றே சார்ஜ் போடுங்கள், ஒரு டேங்க்தான் அடித்தீர்கள் என்றாலும். பேட்டரி நிறைந்ததா என்று பார்க்க, கழற்றி மூன்று நாலு மணி நேரம் கழித்து அளங்கள். 12.8 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி. பம்பு ஓடும்போது 10.5க்குக் கீழே இறங்கவிடக் கூடாது. பம்பின் சத்தம் மாறி விசிறல் சுருங்கும்போதே நிறுத்திவிடுவது நல்லது, இன்னும் அரை டேங்க்தானே என்று இழுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இப்போது சில தெளிப்பான்களில் லித்தியம் பேட்டரி வருகிறது. எடை குறைவாக இருக்கும், உடம்பிலும் எழுதியிருக்கும். அதற்கு இந்தச் சார்ஜரைப் போடவே கூடாது. தீப்பிடிக்கும். அதற்கு உரியது அதனோடு வருகிற சார்ஜர்தான்.

பேர்ணாம்பட்டு, ஆம்பூர் மலையோரத்து உழவர்கள் சிலர் சூரிய மின்வேலி பேட்டரிக்கு இதைப் போடலாமா என்று கேட்கிறார்கள். மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் வேலி படுத்துவிடுகிறது, பன்றி மல்லாட்டைக் கொல்லைக்குள் புகுந்துவிடுகிறது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போடலாம். ஆனால் அது 40 ஆம்பியர் மணி என்றால் நம் கருவி முக்கால் ஆம்பியரில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். அதற்கு 4 ஆம்பியர் கொடுக்கிற பெரிய டிரான்ஸ்பார்மரும் வேறு சுற்றும் வேண்டும். வேலி படுத்துவிட்டது என்று வீட்டுக் கரண்ட்டை நேரே கம்பியில் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. ராத்திரி தண்ணி பாய்ச்ச வருகிற பக்கத்து நிலத்துக்காரருக்கும் அந்தக் கம்பி வித்தியாசம் பார்க்காது. ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தாலும் மின்வேலிப் பெட்டி ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குதான் அதிர்ச்சி கொடுத்து விடும், உயிர் தப்பும். வீட்டுக் கரண்ட் பிடித்தால் விடாது.

செத்த பேட்டரியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, நாங்கள் இருக்கும் இடம் அப்படி. தொண்ணூறுகளில் விவசாயக் கடனுக்கு நிலம் பார்க்கப் போவேன். பத்திரத்தில் நஞ்சை என்று இருக்கும். கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் நுரைத்து நிற்கும், வாயில் வைத்தால் உப்பு. தோல் பதனிட்ட கழிவு பாலாற்றில் இறங்கியதன் பலன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தது, பல கிணறுகள் திரும்பவில்லை. குரோமியம் கலந்த மண்ணைச் சுத்தம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காரீயமும் அதே ரகம். ஒரு தெளிப்பான் பேட்டரி இரண்டரைக் கிலோ அளவு இருக்கும், அதில் பாதிக்கு மேல் காரீயம். எடைக்கு வாங்குகிறவர் அமிலத்தை வாய்க்காலில் கொட்டிவிட்டு, தகட்டை எங்காவது புறம்போக்கில் உருக்கினால் அந்தப் புகை படிகிற மண்ணும், அங்கே விளையாடுகிற பிள்ளைகளின் மூளையும் பாழ்.

ஆகவே ஒரு பேட்டரியை ஆறு மாதத்துக்குப் பதில் இரண்டு வருடம் ஓட்டினால் மிச்சமாவது பணம் மட்டும் இல்லை. பக்கத்துக் கொல்லைத் தம்பியின் புதுப் பேட்டரி இந்தச் சார்ஜரில் இரண்டாவது கத்தரிப் பட்டத்தைத் தாண்டி ஓடுகிறது. அவரே இப்போது ஒன்று செய்து தன் மச்சானுக்குக் கொடுத்திருக்கிறார்.

முடிந்துபோன பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தாங்கள் விற்ற அளவுக்குப் பழையதைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கடைக்காரர் பழைய பேட்டரிக்கு விலை கழித்துத் தருவார். பேட்டரியைத் தராசில் வைத்து, எடைக்கு என்ன போடுகிறார் என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் புதியதன் விலையைப் பேசுங்கள்.